வேகத்தைத் தாளம் பார்த்துக்கொள்ளும், ஆழத்தை யார் பார்ப்பது?

இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கி உயிர்காக்கும் முதலுதவிதான் சி.பி.ஆர். அந்தப் பயிற்சியில் கை வைக்கும் இடத்தைச் சொல்லித்தருவது சுலபம். நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து, அதன்மேல் இன்னொரு கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தோள் கைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒருமுறை பார்த்ததும் செய்துவிடுவார்கள். வேகம்தான் லேசில் வசப்படாது. பயிற்சிப் பொம்மைக்கு முன்னால் மண்டியிட்டதும் பாதிப் பேர் படபடவென்று அடிக்கத் தொடங்குவார்கள். மீதிப் பேர் வலித்துவிடுமோ என்று பயந்து நிறுத்தி நிறுத்தி அமுக்குவார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்று பலகையில் எழுதிப்போட்டு என்ன பயன்? 110 என்பது காதில் எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாதே.

நான் காரைக்குடியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியர். விடுமுறை நாட்களில் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பொம்மையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மகளிர் குழுக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவருகிறேன். தாளத்தை வைத்து வேகத்தைப் பழக்குவதில் எது கைகொடுக்கிறது, எது காலை வாரிவிடுகிறது என்று எழுதிவைத்தால், பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் வீட்டில் வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

வேகத்துக்கு ஏன் இத்தனை பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயம் நின்றுபோனால் நாலைந்து நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். நாம் அமுக்கும்போது ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. கையை விடும்போது இதயம் மறுபடி நிரம்புகிறது. 100-க்குக் கீழே போனால் மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச்சேருகிற ரத்தம் போதாது. 120-ஐத் தாண்டினால் நிரம்புவதற்கு நேரம் இருக்காது, அமுக்கும் ஆழமும் தானாகக் குறைந்துவிடும். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் இந்த முறையை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச்சொன்னபோது நிமிடத்துக்கு 60 தான் சொன்னார்கள். பிறகு அது படிப்படியாக ஏறி, 2010-ல் ‘குறைந்தது 100’ ஆனது. 2015-ல் 120 என்ற மேல்வரம்பும் சேர்ந்தது. அந்தக் காலத்தில் என்.சி.சி.யிலோ சாரணர் படையிலோ கற்றுக்கொண்ட பெரியவர்கள் யாராவது பயிற்சியில் இருந்தால், “எங்களுக்கு வேற கணக்கால்ல சொல்லிக்குடுத்தாங்க” என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், அன்றைக்கு அதுதான் கணக்கு. இப்போது மாறியிருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுத் தொடர்வேன்.

பாட்டை வைத்து வேகம் பழக்குவது வெளிநாடுகளில் பிரபலம். பீ ஜீஸ் குழுவின் 1977-ஆம் வருடத்துப் பாட்டான ‘ஸ்டேயிங் அலைவ்’ நிமிடத்துக்குச் சுமார் 103 தட்டு வரும். அதனால் அமெரிக்க இதயச் சங்கமும் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையும் தங்கள் விளம்பரங்களில் அதைப் பயன்படுத்தின. அங்கே அந்தப் பாட்டு எல்லார் வாயிலும் இருப்பது, அதனால் அவர்களுக்கு அது எடுபடுகிறது. பள்ளத்தூரில் ஒரு குழுக் கூட்டத்தில் அதைப் போட்டால், ஐம்பது வயது அக்காவுக்கு அது வெறும் சத்தம். ஏற்கெனவே உடம்பில் ஊறிய தாளமாக இருந்தால்தான் பதற்றத்தில் தானாக வரும். அன்றைக்குக் கற்றுக்கொடுத்த பாட்டு அன்றைக்கே போய்விடும்.

அதே பிரிட்டனிலிருந்து இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது, பயிற்சியாளர்கள் எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டியது. ‘நெல்லி தி எலிஃபண்ட்’ என்ற குழந்தைப் பாட்டை அங்கே வெகுகாலமாக இதற்குச் சொல்லித்தந்தார்கள். பொதுமக்களை வைத்து அதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாட்டைக் கேட்டுக்கொண்டு செய்தபோது சரியான வேகத்தைப் பிடித்தவர்கள் கூடினார்கள். ஆனால் போதிய ஆழம் இல்லாத அமுக்கல்களும் கூடின. மனசு தாளத்துக்குப் போனதும் கை மேலோட்டமாகிவிடுகிறது. எங்கள் பயிற்சியிலும் இதை அப்படியே பார்க்கிறேன். இதற்கு என்ன செய்கிறோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டே இல்லாமல் எண்ணிக்கொண்டே செய்தால் என்ன என்று கேட்கலாம். எண்ணலாம், ஆனால் தமிழில் முப்பது வரை எண்ணிப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று பத்து வரைக்கும் அநேகமாக எல்லாம் ஈரெழுத்து ஓசை. பதினொண்ணில் நீள ஆரம்பிக்கும். இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு என்று போகும்போது வாய் சொல்லி முடிக்கும்வரை கை காத்திருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேகம் இருபதைத் தாண்டியதும் படுத்துவிடுவதைப் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் எங்கள் பயிற்சியில் பத்துக்கு மேல் எண்ணுவது கிடையாது. ஒண்ணிலிருந்து பத்து, மறுபடி ஒண்ணிலிருந்து பத்து. ‘ஒண்’ணில் அமுக்கு, ‘ணு’வில் விடு. ‘ரெண்’ணில் அமுக்கு, ‘டு’வில் விடு. பத்து முடியும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் ஒரு விரலை மடக்குவார். முப்பது அமுக்கல் பதினைந்திலிருந்து பதினெட்டு வினாடிக்குள் முடிந்தால் வேகம் சரி. இருபது பத்துகள் ஆனால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம், ஆள் மாற வேண்டிய நேரம். சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் இருந்தால் போதும், வேறு கருவி தேவையில்லை.

ஆனாலும் முதல் தடவை அந்த வேகத்தைப் பிடிக்க வெளியிலிருந்து ஒரு தாளம் வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளிடம் சினிமாப் பாட்டு நன்றாகவே வேலை செய்கிறது. அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு சோதனை: பாட்டுக்குக் காலைத் தட்டி, பதினைந்து வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ண வேண்டும். 25 முதல் 30 வரை இருந்தால் அந்தப் பாட்டு ஆகும். குத்துப்பாட்டு என்றாலே சரியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள், பல பாட்டுகள் வரம்பைத் தாண்டி ஓடுகின்றன. போனில் பாட்டைப் போட்டுப் பழக வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொல்வேன். முகப்பு இசை முடிந்து தாளம் வருவதற்குள் அரை நிமிடம் போய்விடும், அதற்கு முன்னால் விளம்பரம் வேறு. உண்மையில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது போன் 108-க்கு வேண்டும். பாட்டு தலைக்குள் ஓட வேண்டும்.

பெண்கள் குழுக்களில் கும்மி. இதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் இருக்காது என்றுதான் எல்லோருமே முதலில் சொல்வார்கள். மாசி பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவிலில் முளைப்பாரி எடுக்கிறவர்கள் இவர்கள். முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டிக் கொட்டி வளர்ந்தவர்கள், கை தட்டுவதில் ஒருவர்கூடப் பிசகமாட்டார்கள். அவர்களை வட்டமாக நிற்கவைத்துக் கும்மி கொட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினால், ஆரம்பத்தில் மெதுவாக, சரியான வேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வரம்புக்குள் வந்து அழகாக நிற்கிறது. அப்புறம் ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. கும்மியின் அழகே கடைசியில் வேகம் பிடிப்பதுதானே. பொம்மை மேல் அதே வேலை நடந்தால், இரண்டாவது நிமிடத்தில் 130-க்கு மேல் போய்விடுகிறது, கை ஆழம் இறங்குவதே இல்லை.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் தவில் வித்வான் ஒருவர். கல்யாண வீடுகளில் எத்தனையோ வருடமாக வாசிக்கிறவர். வீட்டு வாசலில் நின்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “சிஸ்டர், நீங்க பாட்டைப் புடிக்கிறீங்க, காலப்பிரமாணத்தைப் புடிக்கணும். தாளம் ஓடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. கெட்டிமேளம் வேண்டாம், நடந்துபோற மாதிரி ஒரு நடை போதும்” என்றார். அடுத்த பயிற்சிக்கு அவரே வந்தார். தவில் எடுத்துவரவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தொடையில் தட்டி, வாயால் சொல் சொன்னார்: தக திமி, தக திமி. த-வில் அமுக்கு, க-வில் விடு. தி-யில் அமுக்கு, மி-யில் விடு. போனில், சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோம் ஆப்பை 110-ல் வைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். ஒரு தட்டுகூட விலகவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு விஷயம் தெளிவானது. கைதட்டுத் தாளத்தில் அமுக்கலுக்கு மட்டும்தான் ஓசை இருக்கிறது, விடுவதற்கு இல்லை. தகதிமியில் விடுவதற்கும் ஓர் எழுத்து இருக்கிறது. சி.பி.ஆரில் பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். அமுக்கியபின் நெஞ்சு முழுக்க மேலெழும்ப விடாமல், அதன்மேல் சாய்ந்தபடியே அடுத்த அமுக்கலைக் கொடுப்பார்கள். களைத்தவர்கள் எல்லோரும் இப்படிச் சாய்கிறார்கள். பயிற்சி நடந்த வீட்டு ஆச்சி, எண்பதைத் தொட்டவர், திண்ணை மாதிரி உயர்ந்த பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இதை மூன்றாவது தடவையாக விளக்கியபோது பொறுக்கமாட்டாமல், “ஏத்தா, உலக்கையைத் தூக்காம அடுத்த இடி எப்புடி விழும்?” என்றார். நெல் குத்திய தலைமுறை. அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் யாருமே நெஞ்சின்மேல் சாயவில்லை. அந்த வாக்கியத்தை இப்போது எல்லா ஊரிலும் சொல்கிறேன்.

ஆண்களுக்கு வேறு வழி கிடைத்தது. கும்மியும் தகதிமியும் அவர்களுக்குக் கூச்சம். ஆனால் இந்தப் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்காத குடும்பம் குறைவு. காவடியோடு குன்றக்குடி போய், அங்கிருந்து நாள்கணக்கில் நடந்துபோகிறவர்கள். விறுவிறுப்பான நடை என்றால் நிமிடத்துக்கு 100 அடி என்பது உடற்பயிற்சி ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் கணக்கு. அது சி.பி.ஆரின் கீழ்வரம்பு. ஆகவே அவர்களை வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி நடக்கவைக்கிறேன். பழனிக்குப் போகிற நடை, ஆனால் முதல் நாள் நடை, கால் கொப்புளித்த பிறகு வருகிற நடை இல்லை என்று சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். ‘வேல் வேல், வெற்றி வேல்’ என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, அடிக்கு ஒரு சொல். இரண்டு சுற்று முடிந்ததும் நின்ற இடத்திலேயே மிதிக்கச் சொல்வேன், மிதித்துக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொருவராக மண்டியிட்டுப் பொம்மையில் கை வைப்பார்கள். காலிலிருந்த வேகம் அப்படியே கைக்கு இறங்கிவிடும். எந்தப் பயிற்சிக் காணொளியிலும் நான் இதைப் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இதுதான் மிகச் சீக்கிரம் வருகிறது. நடை கொஞ்சம் மந்தமானவர்களை மட்டும் மெட்ரோனோமோடு ஒருமுறை நடக்கவைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வேகம் கைக்கு வந்தபின்தான் ஆழம் என்ற பெரிய வேலை. பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டாமல். இது எல்லோருக்கும் அதிகமாகத் தெரிகிறது. ஐந்து சென்டிமீட்டரை ஸ்கேலில் காட்டினால், “இம்புட்டா?” என்று முகம் மாறுகிறது. விலா எலும்பு உடையாதா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். உடையலாம். வயதானவர்களுக்கு உடைவது சகஜம். உடைந்த எலும்பு கூடிவிடும், நின்ற இதயத்துக்கு நேரம் இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உண்மையில் ‘கடக்’ என்று சத்தம் கேட்கும்போது கையை எடுத்துவிடுவார்கள்.

சில பொம்மைகளில் சரியான ஆழம் போனால் ‘டிக்’ என்று சத்தம் வரும். நான் அந்தச் சத்தத்தைத் தாளத்தோடு சேர்த்துப் பழக்குகிறேன். தகதிமி சொல்லிக்கொண்டிருக்கும்போது த-வுக்கும் தி-க்கும் ‘டிக்’ விழ வேண்டும். விழாவிட்டால் அந்தத் தட்டு காலி, கணக்கில் வராது. வேகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ‘டிக்’ இல்லாத பத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்வேன். இன்னொன்று, இரண்டு பேராக நிறுத்துவது. ஒருவர் அமுக்குவார், எதிரில் மண்டியிட்டவர் தாளத்தையே கவனிக்கக் கூடாது, நெஞ்சை மட்டும் பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டே சொற்கள்தான் அனுமதி: “ஆழம்”, “விடு”. ஆழம் குறைந்தால் முதல் சொல், சாய்ந்தால் இரண்டாவது. அமுக்குகிறவருக்குத் தான் களைத்தது தெரியாது. ஒரு நிமிடம் தாண்டியதுமே ஆழம் குறையத் தொடங்கிவிடும், ஆனால் அவர் நன்றாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். தாளம் தப்பாமல் இருப்பதால் அந்த நினைப்பு இன்னும் வலுவாகும். எதிரில் இருக்கும் கண் இதற்காகத்தான்.

பொம்மை வாங்க வசதியில்லாத ஊர்களில், கெட்டியாகப் பஞ்சு அடைத்த இலவம்பஞ்சுத் தலையணையைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பழகலாம். வேகத்துக்கும் கை மாறுவதற்கும் அது போதும். ஆழம் பழக அது உதவாது. நெஞ்சுக்கூட்டின் எதிர்ப்பு தலையணையில் இருக்காது. அதனால் ஒருமுறையாவது உண்மையான பொம்மையில் கை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பாட்டு விஷயத்தில் இன்னொன்று உண்டு, இதை யாரும் பாடப்புத்தகத்தில் எழுதுவதில்லை. கோட்டையூரில் ஒரு பயிற்சியில், வயதான அம்மா ஒருவர் கும்மித் தாளத்தில் நெஞ்சை அமுக்க மறுத்துவிட்டார். “பொழைக்கக் கெடக்குற மனுசன் நெஞ்சுல வச்சுக் கும்மியா கொட்டுவாக?” என்றார். கூட்டத்தில் பலருக்கும் மனசுக்குள் அதே எண்ணம் இருந்திருக்கிறது, அவர் சொன்னதும் தலையாட்டினார்கள். நம் ஊரில் நெஞ்சில் கை விழுகிற தாளம் மாரடித்து அழும் தாளம். ஒருவர் உயிருக்குப் போராடும்போது பக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்டால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து நாங்கள் தாளத்தைப் பயிற்சிக்கு மட்டும் சத்தமாகச் சொல்கிறோம். நிஜத்தில் வாய் எண்ணை மட்டும் சொல்லும், தாளம் உள்ளே ஓடும். எண்ணைச் சத்தமாகச் சொல்வதில் வேறொரு நன்மையும் இருக்கிறது: சுற்றி நிற்பவர்களுக்கு இந்த ஆள் தெரிந்துதான் செய்கிறார் என்று புரிகிறது, கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். சில ஆச்சிமார் எண்ணுக்குப் பதிலாக ‘சிவ சிவ’ என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ஈரெழுத்து, அமுக்க ஒன்று, விட ஒன்று. தாராளமாகச் சொல்லலாம், விரலை மடக்குகிறவர் கணக்கைப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதான தம்பதி மட்டும் இருப்பது இங்கே சாதாரணம். வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவைத் தொடும். பின்கட்டில் விழுந்தவருக்காகக் கத்தினால் முகப்பில் கேட்காது. இத்தகைய வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது யார் எங்கே ஓடுவது என்பதையும் சேர்த்தே பழக்குகிறேன். ஒருவர் அமுக்கத் தொடங்குவார். இன்னொருவர் 108-ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைப்பார். மூன்றாமவர் முன்கதவின் தாழ்ப்பாள்களையெல்லாம் திறந்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் நிற்பார். வீட்டின் விலாசத்தை நாலு இனிஷியல் வைத்துச் சொன்னால் ஊர்க்காரருக்குப் புரியும், வெளியூர் ஓட்டுநருக்குப் புரியாது. தெருப் பெயர், பக்கத்துக் கோவில், ஊருணி இதைத்தான் சொல்ல வேண்டும்.

மெத்தையில் கிடப்பவரைத் தரைக்கு இறக்க வேண்டும். மெத்தை மேல் அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை இதற்கு அருமையான தரை, கெட்டியாகவும் சமமாகவும் இருக்கும். ஆனால் அமுக்குகிறவரின் முழங்கால் இரண்டு நிமிடம் தாங்காது. முழங்கால் வலித்தால் உடம்பு பின்னால் போகும், தோள் நேர்கோட்டிலிருந்து விலகும், ஆழம் போய்விடும். துண்டையோ ஜமுக்காளத்தையோ மடித்து முழங்காலுக்குக் கீழே தள்ளிவிடுவது இரண்டாமவர் வேலை. தாலிச் சங்கிலி, பதக்கம் இருந்தால் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், தோள்பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். பெண் என்பதால் தொடத் தயங்கி நிற்பதும் வேண்டாம்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது. தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது ஒழுங்கான மூச்சாக இல்லை என்றால் தொடங்கிவிட வேண்டும். விட்டு விட்டு, வாயைத் திறந்து இழுப்பது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு அப்படி வரும். “மூச்சு இழுக்குது, இருக்கு” என்று எல்லோரும் காத்திருப்பார்கள், யாராவது சோடா கொண்டுவருவார்கள், பால் ஊற்றப் பார்ப்பார்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அமுக்கினால் போதும். ஊருணியில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்குக் காற்றும் கொடுக்க வேண்டும், அதைத் தனிப் பயிற்சியாகத்தான் எடுக்கிறேன். மின்சாரம் தாக்கியவர் என்றால் மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும்.

குழுவில் பழகிய பெண் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தபோது இதைச் செய்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரும் அவருடைய ஓரகத்தியும் மாறி மாறி அமுக்கினார்கள். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நான் வேகமாப் போயிட்டேனா சிஸ்டர்?” பொம்மையில் அமுக்கிக் காட்டச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பதுக்குப் பதினாறு வினாடி. அவரிடம் கடிகாரத்தையே காட்டினேன். வெளியில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் எவ்வளவு நன்றாக முயன்றாலும் பிழைப்பதில்லை, இதைப் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சொல்லாமல் விட்டால் முதல் மரணத்தோடு அவர்கள் கையை மடக்கிவிடுவார்கள். அதே சமயம், யாரும் அமுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழிலிருந்து பத்து சதவீதம் வரை தின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் பயிற்சி வருடம் முழுக்கக் கையில் நிற்காது. மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது. ஆழம்தான் முதலில் போகிறது, தாளம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. அதனால் குழுக்களிடம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதக் கூட்டத்தில் சேமிப்பு நோட்டைத் திறப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம். தலையணையை நடுவில் போட்டு, இரண்டிரண்டு பேராக இருபது பத்துகள், ஒருவர் விரல் மடக்க, ஒருவர் கடிகாரம் பார்க்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொம்மையோடு நான் போகிறேன். அன்றைக்குத் தாளம் யாரும் சொல்லக் கூடாது, எதிரில் இருப்பவரின் “ஆழம்”, “விடு” மட்டும்தான். பள்ளத்தூர்க் குழுவில் இந்த இரண்டு சொற்களைச் சொல்வதற்கு அந்த எண்பது வயது ஆச்சியே தரையில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குத் திருப்தி வராமல் யாரையும் எழவிடுவதில்லை.